நான்கெல்லைக்கு உட்பட்டது

பத்திரத்தைக் கையில் கொடுத்தால் என் ஆசான் உடனே படிக்கமாட்டார். முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். முத்திரைத்தாளை விற்றவர் யார், எந்த ஊரில் விற்றது, யார் பெயருக்கு, என்றைக்கு. அப்புறம் சார்பதிவாளர் எழுதிய மேலெழுத்து, கைநாட்டு, அடையாளம் சொன்ன சாட்சிகள். அங்கிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவி எழுதியவர் கையெழுத்தைப் பார்ப்பார். சில சமயம் "ஓ, இவரா!" என்பார். சில சமயம் முகம் கோணும். பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "இது யாரு வீட்டுப் பெட்டியில இருந்துச்சு?" என்று கேட்பார். "ஊருக்குள்ள நுழையறப்ப குளம் எந்தக் கைப்பக்கம் வரும்?" என்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிக்கு வருவார்.

1981இல் நான் அவரிடம் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். வேறு தகுதி கிடையாது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் கீற்றுக் கொட்டகை. அவர் அதற்கு முந்தைய வருஷம் வரை நாலு கிராமத்துக்குக் கர்ணமாக இருந்தவர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பழைய கிராம அதிகாரிகள் பதவிகளை ஒழித்தபோது வேலை போயிற்று. அந்த முறையில் நடந்த அக்கிரமங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒழித்தது நல்லது என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அடங்கல் புத்தகத்தையும் வரைபடக் கட்டுகளையும் தாலுகா ஆபீசில் ஒப்படைத்த அந்த மனிதர்கள், புத்தகத்தில் ஏறாத ஒன்றைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டாவில் உள்ள பெயருக்கு ஊருக்குள் என்ன பெயர், 'மேட்டுக்கொல்லை' என்று அந்த ஊரில் மூன்று இடத்துக்குப் பெயர் இருக்கும்போது இந்தப் பத்திரம் சொல்வது எதை, 'பழைய வாய்க்கால்' என்றால் எத்தனை பழசு. அது எந்த ஆபீசுக்கும் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் எங்கள் கொட்டகைக்கு வந்தது.

முதல் மாதமே ஒரு பாடம். செங்கல்பட்டுப் பக்கத்தில் பெண் எடுத்த ஒருவர் மாமனார் வழியில் வந்த பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். 200 குழி என்று இருந்தது. எத்தனை சென்ட் வரும், சொல்லுங்கள் என்றார். நான் எங்கள் ஊர்ப் பிள்ளை. 100 குழி ஒரு மா, ஒரு மா என்பது 33 சென்ட், 20 மா ஒரு வேலி என்பதெல்லாம் தாய்ப்பாலோடு வந்தது. "66 சென்ட்" என்று பட்டென்று சொன்னேன். ஆசான் நிமிரவில்லை. "எந்த ஊருக் குழி?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குழி 12 அடிக் கோலால் அளந்தது. 144 சதுர அடி. தொண்டை மண்டலத்துக் குழி 24 அடிக் கோலால் அளந்தது. 576 சதுர அடி. அங்கே 100 குழி சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். அவர் கையில் இருந்தது 2 ஏக்கர் 64 சென்ட். நான் நாலில் மூன்று பங்கை ஒரே மூச்சில் விழுங்கியிருந்தேன். சொல் அதேதான், எழுத்தும் அதேதான். கோல்தான் வேறு, அந்தக் கோல் பத்திரத்தில் எங்கேயும் இல்லை. எழுதியவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. ஊரில் இருந்தது ஒரே கோல்.

அந்தக் காணியும் இலேசுப்பட்ட சொல் இல்லை. கணக்கில் காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. "ஒரு மா" என்று எழுதியிருந்தால் அது ஒரு மா நிலமா, ஒரு வேலியில் இருபதில் ஒன்றா? எங்கள் பக்கம் இரண்டும் ஒன்றுதான், பிழைத்தோம். "சொத்தில் ஒரு காணி" என்று பங்குச் சீட்டில் வந்தால் அது 1.32 ஏக்கர் ஆகாது. பத்திரத்தின் நெற்றியில் ௨ மாதிரி ஒரு சுழி இருந்தால் பிள்ளையார் சுழி. அதே சுழி தொகைக்கு எதிரே நின்றால் இரண்டு. ௸ என்ற பழைய குறி 'மேற்படி'. தட்டச்சு வந்தபோது அதற்குச் சாவி இல்லாமல் 'ஷை' என்று அடித்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கும் பிள்ளைகளிடம் 'ஷை சொத்து' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ சமஸ்கிருதம் என்பார்கள்.

சில வேடிக்கைகளும் உண்டு. பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தோடு சேர்த்து நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஒரு வரிசை வரும். நிலத்தில் புதையல் இருந்தாலும், தண்ணீர், மரம், கல் எது இருந்தாலும் எல்லாம் வாங்குபவருக்கே என்று பொருள். பாஷாணம் என்றால் அங்கே கல். வளைகுடாவில் சம்பாதித்து வந்து முதன்முதலாக நிலம் வாங்கிய ஒரு தம்பி தாய்ப் பத்திரத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, முகம் வெளுத்து வந்தான். "அண்ணே, நிலத்துல விஷம் இருக்குதாமே, எழுதியே வச்சிருக்காங்க." இன்னொரு தடவை, கடன் கொடுக்க இருந்த ஒரு வங்கிக்காக நகரத்தில் யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள். கொல்லையில் இருந்த பிள்ளைகள் பன்னிரண்டும் குழந்தைகளாகிவிட்டன. தென்னம்பிள்ளை! மூன்று நாள் கொட்டகையில் அதுவே பேச்சு. கொல்லை என்பதும் எங்களுக்கு வீட்டுப் பின்புறம். வட மாவட்டங்களில் அது புன்செய் நிலம்.

சுவாதீனம் என்று எழுதுவோம். நிலம் கைவசம் இருப்பது. வெளியே, சுவாதீனம் இல்லாதவர் என்றால் புத்தி பேதலித்தவர். அனுபவம் என்று எழுதுவோம். நிலத்தை ஆண்டு அதன் பலனைத் தின்பது. இந்தப் பத்திரிகையில் இதை அனுபவக் கட்டுரை என்று போடப்போகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் ஆண்டிருக்கிறேன், பலனைத் தின்றேனா என்று வீட்டில்தான் கேட்க வேண்டும்.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, "மகனுக்கும் பேரனுக்கும்தான் எழுதியிருக்கு, பொண்ணுக்கு இல்லை" என்று தங்கையிடம் சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பிரித்துப் பார்க்கிற வார்த்தை இல்லை. நிலம் வழிவழியாக இறங்கக்கூடிய முழு உரிமையோடு கைமாறுகிறது என்பதற்கான முத்திரை வாசகம் அது. கோர்ட்டுகளும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான் பொருள் கொண்டுவந்திருக்கின்றன. பெண் பெயருக்கு எழுதிய பத்திரத்திலும் அதே வரி வரும்.

நான் செய்த தப்பைச் சொல்லாமல் போனால் இதெல்லாம் பெருமையடிப்பாகப் போகும்.

1993. நல்ல முகூர்த்த நாள், கொட்டகை நிறையக் கூட்டம். வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்கு ஒரு கிரயம். அங்கே காட்ட வேண்டும், ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றார்கள். ஆங்கிலப் பத்திரம் அப்போது எனக்குப் புதிது. தாய்ப் பத்திரம் தமிழில் இருந்தது. எல்லை நான்கும் எங்கள் வழக்கப்படி இருந்தன: வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, பாதைக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இதற்கு உட்பட்டது. நான் ஆங்கில மாதிரி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நஞ்சை, தெற்கே பாதை என்று வரிசையாக நிரப்பினேன். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தமிழ்ப் பத்திரம் பக்கத்து நிலத்தில் நின்றுகொண்டு நம் நிலத்தைக் கைகாட்டும். வாய்க்காலுக்கு வடக்கே நம் நிலம் என்றால் வாய்க்கால் நமக்குத் தெற்கே. ஆங்கிலப் பத்திரம் நம் நிலத்தின் நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும். இந்த நிற்கும் இடத்தை மாற்றாமல் வார்த்தையை மட்டும் மாற்றினால் நிலமே தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். கவிழ்த்தேன். நாலு எல்லையும் கச்சிதமாகத் தலைகீழ். அதனாலேயே யார் கண்ணிலும் படவில்லை. ஒன்று மட்டும் தப்பாக இருந்தால் இடித்திருக்கும். நாலும் தப்பாக இருந்ததால் ஒன்றோடொன்று பொருந்தி அழகாக நின்றது.

இரண்டு வருஷம் கழித்து வாங்கியவர் வேலி போட வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தை வாங்கிப் படித்தார். அதன்படி அவர் நிலம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அதற்குள் விற்றவர் காலமாகியிருந்தார். பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு வாரிசுகள் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் அந்தமானில், ஒருவர் மற்ற நால்வரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஒன்றரை வருஷம் என் செலவில் அலைந்தேன். ஆசான் அப்போது வீட்டோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். "நிலத்தைப் போய்ப் பாத்தியா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான், அப்புறம் காப்பி சாப்பிடச் சொன்னார். அன்று முதல் இரண்டு பழக்கம். ஒன்று, எல்லை எழுதுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் நிலத்தைப் படமாகப் போட்டுக்கொள்வேன். இரண்டு, முடிந்தவரை நேரில் போய் நிற்பேன். முடியாது என்றால் விற்பவரை மேஜைக்கு முன்னால் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, இடது கைப்பக்கம் யாரு, வலது கைப்பக்கம் யாரு என்று கேட்பேன். கல்யாணத்துக்கு மணையில் உட்காரவைத்த மாதிரி இருக்கும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திசை என்றதும் இன்னொரு கதை. என் தொழிலில் நான் மறக்காத கதை அதுதான்.

1994 என்று நினைவு. பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். தெற்குப் பார்த்த வீடு ஒன்று. தாத்தாக்கள் அண்ணன் தம்பி. மூத்தவர் வழியினர் பிழைப்புக்காகப் பம்பாய் போய்விட்டார்கள். இளையவர் வழியினர் வீட்டிலேயே இருந்து, 1971இல் பழைய ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு மாடியும் எடுத்துவிட்டார்கள். பம்பாய்க்காரர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டு பாகம் கேட்டார். ஊரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. "உங்களுக்கு உள்ளதை நான் ஏன் வச்சுக்கணும், தாராளமா எடுத்துக்குங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். 1952இல் எழுதிய கூறுசீட்டு. வாய்மொழியாக முன்னமே பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதிவைத்தது. பதிவு கிடையாது, நான்கெல்லை கிடையாது. அதில் வீட்டைப் பற்றி ஒரே வரி. மேல் பாகம் மூத்தவருக்கு, கீழ் பாகம் இளையவருக்கு.

"மாடி பூரா உங்களுக்கு. நான் கட்டினதுன்னாலும் பரவாயில்லை, தாத்தா எழுதினபடி எடுத்துக்குங்க" என்றார். பம்பாய்க்காரருக்கு அது நியாயமாகவே பட்டது. மாடிப் பாகம் எழுதிக் கொடுங்கள் என்று இருவரும் சேர்ந்தேதான் வந்தார்கள். சண்டையே இல்லை. நானும் முத்திரைத்தாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். காகிதம் ஜெராக்ஸ் பிரதி, ஒரே பக்கம். ஏதோ உறுத்தியது. மூலத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு ஆசானிடம் போனேன். கண் பார்வை அநேகமாகப் போய்விட்ட காலம். படித்துக் காட்டினேன்.

"52லேயா? அந்தத் தெருவுல அப்ப ஏதுடா மாடி?" என்றார்.

எங்கள் பக்கம் மேல் என்றால் மேற்கு. கீழ் என்றால் கிழக்கு. தஞ்சாவூரில் மேலவீதி, கீழவீதி என்றால் ஒன்று உயரத்திலும் மற்றது பள்ளத்திலும் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. மேற்கே மலை, கிழக்கே கடல், தண்ணீர் அப்படித்தான் ஓடும். மேட்டுப் பக்கம் மேற்கு, பள்ளத்துப் பக்கம் கிழக்கு என்று சொல் பிறந்திருக்கிறது. மலையாளத்தில் மலை கிழக்கே இருந்தும் அந்தத் திசையைக் கிழக்கு என்றே சொல்கிறார்களே என்று கால்டுவெல் வியந்து அதிலிருந்து ஒரு வாதமே கட்டியிருக்கிறார். அது கிடக்கட்டும். இந்தச் சொல்லை நான் தினமும் எழுதுகிறேன். 'மேல்புறம் 40 அடி, கீழ்புறம் 40 அடி' என்று எழுதாத நாள் இல்லை. இருந்தும், மாடி வீட்டைச் சொல்லிக்கொண்டே அந்தக் காகிதத்தை நீட்டியதால் என் கண் மாடிப்படி ஏறிவிட்டது.

மறுநாள் மூலம் வந்தது. நாலு பக்கம். ஜெராக்ஸ் எடுத்தது இரண்டாம் பக்கத்தை மட்டும். மூன்றாம் பக்கத்தில் இரண்டு வாசகம். நடுச்சுவர் இருவருக்கும் பொது. மேல் பாகத்தார் கிணற்றுக்கு வந்துபோகக் கொல்லைப் பக்கமாக நாலடிப் பாதை விட வேண்டியது. மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் சுவர் ஏது? மாடிக்காரர் கிணற்றுக்குப் போகக் கொல்லையில் தனிப் பாதை எதற்கு? கிணறு வீட்டின் கிழக்கு மூலையில் இன்னும் இருக்கிறது. மேற்குப் பாதிக்காரருக்குத்தான் பாதை வேண்டும். பெட்டியில் தேடியபோது அந்தக் காலத்து வீட்டு வரி ரசீது ஒன்றும் கிடைத்தது. அதில் ஓட்டு வீடு என்று இருந்தது. அப்புறம் பேச ஒன்றும் இல்லை. தெருவிலிருந்து கொல்லை வரை மேற்குப் பாதி மனை, மண்ணோடு மூத்தவர் வழிக்கு.

ஊரில் இருந்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. மாடியைத் தாராளமாகக் கொடுக்க வந்தவர் மண்ணில் பாதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கோபத்தில் என்னிடம், "அப்ப மேற்குன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார். என்னவென்று சொல்வது? எழுதியவர் தெளிவாகத்தான் எழுதினார். அவர் எதிரே நின்ற எட்டுப் பேருக்கும் அது பட்டப்பகல் மாதிரி விளங்கியது. பத்தொன்பது வருஷம் கழித்து அந்த வீட்டுத் தலைக்கு மேலே ஒரு மாடி முளைக்கும் என்று அவர் எப்படிக் கண்டார்? மாடி கட்டிய செலவை மதிப்புப் போட்டு, பம்பாய்க்காரர் ஒரு தொகை கொடுத்து, ஒரு வழியாக முடிந்தது. பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். மேற்கு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மேல்புறம் என்றும் போட்டு, இணைப்பாக ஒரு வரைபடமும் வைத்தேன். இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். அவர்தான் எனக்குச் சாட்சியச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். 1872ஆம் வருஷத்துச் சட்டம். 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. பழைய சட்டத்தில் பல பிரிவுகளுக்குக் கீழே குட்டிக் கதை மாதிரி எடுத்துக்காட்டுகள் வரும். என் வெள்ளைக் குதிரையை விற்கிறேன் என்று ஒருவன் எழுதுகிறான், அவனிடம் இரண்டு வெள்ளைக் குதிரை இருக்கிறது. எந்தக் குதிரை என்று காட்டச் சாட்சியம் விடலாம். கல்கத்தாவில் உள்ள என் வீடு என்று எழுதுகிறான், கல்கத்தாவில் அவனுக்கு வீடே இல்லை, ஹௌராவில் இருக்கிறது, வாங்கியவன் பத்திரம் ஆனதிலிருந்து அங்கேதான் குடியிருக்கிறான். அதையும் காட்டலாம். வட்டார வழக்கு, வழக்கொழிந்த சொல், சொற்சுருக்கம் இவற்றுக்கு என்ன பொருள் என்று சொல்ல ஆளைக் கூப்பிடலாம். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால் கையெழுத்தை மெய்யென்று கோர்ட்டு அனுமானிக்கலாம். இதைக் கேட்டபோதுதான் "யாரு வீட்டுப் பெட்டியில இருந்துச்சு" என்ற ஆசானின் கேள்விக்கு இவ்வளவு பெரிய வம்சாவளி இருப்பது தெரிந்தது. அவர் சட்டம் படித்தவர் இல்லை.

அதே சட்டம் கதவைச் சாத்தவும் செய்கிறது. குதிரையை 1,000 ரூபாய்க்கு அல்லது 1,500 ரூபாய்க்கு விற்கிறேன் என்று எழுதினால், எந்த விலை என்று வெளியிலிருந்து சாட்சியம் கொண்டுவரக் கூடாது. ராம்பூரில் உள்ள 100 பீகா என்று எழுதி, ராம்பூரில் சரியாக 100 பீகா அவனுக்கு இருந்தால், நான் சொன்னது வேறு ஊர் நிலத்தை என்று பிறகு சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் என் கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொருளைத் தேடி வருவதில்லை, சந்தர்ப்பத்தை ஜோடித்துக்கொண்டு வருகிறார்கள். "எங்கப்பா அப்படி எழுதினாரே தவிர, அவரு மனசுல வேற இருந்துச்சு" என்பார்கள். பத்திரம் தெளிவாக இருக்கும், நிலம் அதற்குப் பொருந்தி இருக்கும், ஆனாலும் ஒரு கதை இருக்கும். கதை கண்ணீரோடு வரும். வார்த்தைக்கு வெளியே உள்ளதைத் தெரிந்துகொள்வது வார்த்தையைப் புரிந்துகொள்ளத்தான், அதைத் தின்று தீர்க்க இல்லை. இந்த வித்தியாசத்தை விளக்கி நான் இழந்த கட்சிக்காரர்கள் பலர். அடுத்த கொட்டகைக்குப் போய் எழுதிக்கொள்வார்கள்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வரி ரசீதில் பசலி 1355 என்று பார்த்துவிட்டு, எழுநூறு வருஷத்துச் சொத்து என்று சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் புல்லரித்துப் போனார். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். அது 1945 ஜூலையில் தொடங்கியது. பிலவ வருஷம் தை மாதம் என்று மட்டும் தேதி போட்ட ஓலை மாதிரி ஒரு கடன் சீட்டு வந்தது. பிலவ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1902ஆ, 1962ஆ? வட்டிக் கணக்கில் நயா பைசா என்று ஒரு சொல் இருந்தது. தசமக் காசு வந்தது 1957 ஏப்ரலில். முடிந்தது விசாரணை.

இன்றைக்கும் ஆளை அடிக்கிற ஒன்று, ஹெக்டேர். நில ஆவணங்களை மெட்ரிக் அளவுக்கு மாற்றிய பிறகு பட்டாவில் 0.40.5 என்று வரும். பார்ப்பவர்கள் 40.5 சென்ட் என்று படிக்கிறார்கள். அது 40.5 ஏர். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். ஆகவே அது ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஒரு ஏக்கரை 40 சென்ட் விலைக்கு விற்றுவிட்டு வந்து, "என்ன அண்ணே, கொஞ்சம் ஏமாந்துட்டனா?" என்று கேட்ட கிழவியின் முகத்தை நான் மறக்கவில்லை. அந்தப் பத்திரத்தை எழுதியது நான் இல்லை. அதனால் நிம்மதி வந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

ஊர்ப் பெயரும் நிற்பதில்லை. மாயவரம் பக்கத்துக் கிராமம் ஒன்று. 1990இல் எழுதிய பத்திரத்தில் தஞ்சாவூர் ஜில்லா, 1991 அக்டோபருக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 2020 டிசம்பருக்குப் பிறகு மயிலாடுதுறை மாவட்டம். வயல் ஓரடி நகரவில்லை.

போன மாதம் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பத்திரத்தின் நகல். 1986. திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். முத்திரைத்தாள் எங்கள் ஊர் விற்பனையாளர்தான். கடைசிப் பக்கம் போனால், எழுதியவர் கையெழுத்து என்னுடையது. கையெழுத்து அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"சார், எல்லையில 'சைக்கிள் கடைக்கு வடக்கு, டூரிங் கொட்டகைக்குக் கிழக்கு'ன்னு இருக்கு. எந்த சைக்கிள் கடை சார்? சர்வேயர் கேக்குறாரு."

சர்வே எண் போட்டிருந்தேன், ஆனால் அந்த எண் பிறகு நாலாக உட்பிரிவு ஆகிவிட்டது. மனை எந்த உட்பிரிவில் விழுகிறது என்பது அந்த சைக்கிள் கடையைப் பொறுத்தது. 1986இல் அந்தக் கடையைத் தெரியாதவர் அந்த ரோட்டில் கிடையாது. வாடகை சைக்கிள் மணிக்கு 50 பைசா. டூரிங் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் விட்டால் சத்தம் இங்கே கேட்கும். இதைவிடப் பெரிய அடையாளம் எது இருக்க முடியும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பேன். கிழக்குப் பார்த்து உட்காரவைத்தேனா, படம் போட்டேனா? அந்தப் பழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

"இப்ப அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு கல்யாண மண்டபம் சார். பக்கத்துல செல்போன் டவர்."

துண்டுச் சீட்டை எடுத்து ரோட்டைக் கோடு போட்டேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு ஒதியமரம், அதன் வேரில் முட்டிக்கொண்டு ஒரு பழைய சர்வே கல். கல் இருந்தால் போதும். மண்டபத்துக்காரர்கள் அதன் மேல் சுவர் வைக்காமல் இருக்க வேண்டும்.

"வண்டியில வந்தியா?"

"ஆமா சார்."

"ஒரு மண்வெட்டி எடுத்துட்டு நாளைக்குக் காலையில வா. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."